நாமினி ஜெபகுமார்

சானந்த், குஜராத்
2.2.2025

சத்யாவுக்கு,

நான் நலமாக இல்லை. நீ நலமாகத்தான் இருப்பாய், அதனால் விசாரிக்கவில்லை. அம்மாவிடம் போன் இல்லை, அவள் முட்டிவலி எப்படி இருக்கிறது என்று மட்டும் எழுது.

இந்த ஊரில் தபால் ஆபீஸைத் தேடி அரைநாள் அலைந்தேன். கல்யாணமான இரண்டு வருஷத்தில் உனக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. போனில் என்னை ப்ளாக் செய்துவிட்டால் கேள்வியும் ப்ளாக் ஆகிவிடும் என்று நினைத்தாயா? கேள்வி அதேதான். ஜெபகுமார் யார்?

உன் சம்பளக் கணக்கில் நாமினி என்ற இடத்தில் அந்தப் பெயர் இருக்கிறது. உனக்கு ஒன்று ஆகிவிட்டால் உன் பணம் யார் கைக்குப் போக வேண்டுமோ, அந்த ஆள். அங்கே உன் அம்மா பெயர் இருந்திருந்தால் நான் வாயே திறந்திருக்க மாட்டேன். யாரோ சித்தப்பாவாக இருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொள்ளவும் வழியில்லை. உறவு என்று பக்கத்திலேயே ஒரு கட்டம் இருக்கிறதாம். அதில் கணவர் என்று போட்டிருக்கிறதாம். அவன் கணவர் என்றால் நான் யார்? கம்பெனி என்னைப் புது பிளான்ட்டுக்கு அனுப்பியதும் உனக்கு வசதியாகப் போயிற்றா?

வெல்டிங் லைனில் நிற்கிறேன். பொறி பறக்கும்போதெல்லாம் அந்தப் பெயர்தான் கண்ணுக்கு முன்னால் வருகிறது. வயிறு எரிகிறது சத்யா, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். எனக்கு முன்னால் ஒருத்தன் இருந்தானா? இருந்தான் என்றால் இப்போதும் இருக்கிறானா? பெண் பார்க்க வந்த அன்று தலையைக் குனிந்து சிரித்தாயே, அது யாரை நினைத்துச் சிரித்த சிரிப்பு?

பதில் போடு. போடாவிட்டால் அதையே பதிலாக எடுத்துக்கொள்வேன்.

உன் கணவன் என்று இதுவரை நினைத்துக்கொண்டிருக்கும்,
ஸ்ரீதர்


படப்பை
12.2.2025

அன்புள்ள மாமாவுக்கு,

அத்தையும் நானும் சுகம். அத்தைக்கு முட்டிவலி குறைந்திருக்கிறது. கோபத்தில் சாப்பாட்டைத் தள்ளாதீர்கள். அங்கே ரொட்டி ஒத்துக்கொள்ளாவிட்டால் சோறு வடித்துக்கொள்ளுங்கள்.

கடிதம் வந்தது. அன்றைக்குப் போனில் நீங்கள் கத்தியபோது நான் கம்பெனி பஸ்ஸில் இருந்தேன். பக்கத்துச் சீட்டு வரைக்கும் கேட்டது. அதனால்தான் ப்ளாக் செய்தேன். இனி இப்படியே எழுத்தில் பேசுவோம். போனில் சொன்னதை மறுநாள் நான் எங்கே சொன்னேன் என்பீர்கள். காகிதத்தில் அது நடக்காது.

எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது. என் கணக்கில் என்ன எழுதியிருக்கிறது என்று உங்களுக்கு யார் சொன்னது? போன மாதம் போன் நம்பரை மாற்ற நானே கிளைக்குப் போனேன். ஆதார் கேட்டார்கள், பான் கேட்டார்கள், கடைசியில் என் கையெழுத்தே ஒத்துப்போகவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். என்னையே நம்பாத பேங்க், குஜராத்தில் இருக்கிற உங்களுக்கு எப்படிக் கதவைத் திறந்தது?

முதலில் இதற்குப் பதில் எழுதுங்கள். உங்கள் கேள்விக்கு அப்புறம் வருகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.
சத்யப்பிரியா


சானந்த்
20.2.2025

சத்யாவுக்கு,

சோறுதான் வடித்துச் சாப்பிடுகிறேன். இறங்கத்தான் இல்லை. அம்மாவிடம் நான் கேட்டதாகச் சொல்.

கேட்ட கேள்விக்குப் பதில் இல்லை, திருப்பி ஒரு கேள்வி. நல்ல கெட்டிக்காரி. எனக்கு மறைக்க ஒன்றுமில்லை, அதனால் சொல்கிறேன். பாபுதான் சொன்னான். ஸ்ரீபெரும்புதூரில் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவன், இப்போது உன் பேங்க் கிளையில் கவுன்டரில் இருக்கிறான். மனைக்கு லோன் விசாரிக்கத்தான் போன் செய்தேன். பேச்சோடு பேச்சாக, சத்யா அக்கவுண்ட்டையும் பாரேன் என்றேன். கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது. அப்புறம், "மச்சி, இன்னா இது, வேற எவனோ பேரு கீது" என்றான். அவன் குரலில் இருந்த பரிதாபத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். புருஷன் கேட்டால் சொல்லாமல் என்ன செய்வான்?

இன்னொன்றும் சொன்னான். நீ ஞாயிற்றுக்கிழமைகளில் தண்டலத்து ஏ.டி.எம்மில் பணம் எடுக்கிறாயாம். படப்பையில் இல்லாத ஏ.டி.எம்மா? லீவு நாளில் உனக்குத் தண்டலத்தில் யார் இருக்கிறார்கள்? ஜெபகுமார் வீடு அங்கேதானா?

முடிவாகச் சொல்கிறேன். வேலையை விட்டுவிடு. மே மாதம் லீவில் வருகிறேன். அதற்குள் நீ வீட்டில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பெரியவர்களை உட்காரவைத்துப் பேசி, உன்னை உன் அம்மா வீட்டில் விட்டுவிட்டு வருவேன். இந்த வரியை இரண்டு முறை எழுதி அடித்தேன். ஆனாலும் எழுதுகிறேன்.

ஸ்ரீதர்


படப்பை
17.3.2025

அன்புள்ள மாமாவுக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். வெயில் இப்போதே ஆரம்பித்துவிட்டது. அங்கே இன்னும் அதிகம் என்கிறார்கள், தண்ணீர் நிறையக் குடியுங்கள்.

பதில் தாமதமானதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு நாள் லீவு போட்டுக்கொண்டு பேங்குக்குப் போனேன். என் கணக்கு விவரத்தை உங்கள் ஊழியர் என்னைக் கேட்காமல் வெளியாளிடம் சொல்லியிருக்கிறார் என்று எழுதி மேனேஜரிடம் கொடுத்தேன். அவர் படித்துவிட்டு, "வெளியாள் இன்னாம்மா, புருஷன்தானே கேட்டாரு. குடும்ப விஷயம், வுட்டுடுங்க" என்றார். "கணக்கு என் பேர்ல தானே சார் கீது, குடும்பத்து பேர்ல இல்லியே" என்றேன். வாங்க மாட்டேன் என்றார். பிரதியில் சீல் போட்டுத் தரும்வரை அந்த நாற்காலியை விட்டு நான் எழுந்திருக்கவில்லை. நான் வந்ததும் கேபினுக்குள் போன பாபு, வெளியே வரவே இல்லை.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். எனக்கு ஜெபகுமார் என்று யாரையும் தெரியாது. நீங்கள் நம்ப மாட்டீர்கள் என்பதால் பஸ்ஸில் எல்லோரிடமும் கேட்டேன். செந்தாமரையை உங்களுக்குத் தெரியும், வயரிங் லைனில் எனக்குப் பக்கத்தில் நிற்பவள். அவள் டிபன் டப்பாவை மூடிவிட்டு என்னைப் பார்த்தாள். "ஜெபகுமார்னா எங்க வூட்டுக்காரர் பேருடி. உனக்கு எதுக்கு அவரு?" என்றாள். வூட்டுக்காரர் என்றே அவள் சொல்லிக் கேட்டிருக்கிறேன், பெயர் எனக்குத் தெரியாது. விஷயத்தைச் சொன்னேன். அன்றிலிருந்து அவள் என் பக்கத்தில் உட்காருவதில்லை. லைனில் கனெக்டரைக் கையில் கொடுக்காமல் டேபிளில் போடுகிறாள்.

உங்கள் பாபு ஒரு வாய் திறந்தார். இரண்டு வீட்டில் சோறு இறங்கவில்லை. வேலையை நான் விடப்போவதில்லை.

சத்யப்பிரியா


சானந்த்
25.3.2025

சத்யாவுக்கு,

அம்மா நலமா? நீ நலமா என்று கேட்க வாய் வரவில்லை.

செந்தாமரை புருஷனா? அவனை எனக்குத் தெரியும். நம் ரிசப்ஷனுக்கு நீலச் சட்டையில் வந்தவன். கை கொடுக்கும்போது, "நல்லா பாத்துக்கோங்க தலைவா" என்று என்னிடம் சொன்னான். என் பெண்டாட்டியை நான் நல்லா பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சொல்ல அவன் யார் என்று அப்போதே தோன்றியது. ஆல்பம் போட்டோவை போனில் பெரிதாக்கிப் பார்த்தேன். எல்லோரும் கேமராவைப் பார்க்கிறார்கள், அவன் மட்டும் உன் பக்கம் பார்க்கிறான். உன் தலைக்குப் பின்னால் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்திருக்கலாம் என்று ஒரு மனம் சொல்கிறது. மறு மனம் கேட்க மாட்டேன் என்கிறது. என்னைவிட நிறம், என்னைவிட உயரம், புல்லட் வேறு வைத்திருக்கிறான்.

உன் பக்கத்தில் நிற்கிறவளுக்கே துரோகம் செய்ய உனக்கு மனம் வருமா? வராது என்றுதான் நினைக்கிறேன். ராத்திரி ஆனால் வரும் என்று நினைக்கிறேன்.

பாபு போனில் அழுகிறான். புகாரைத் திரும்ப வாங்கிக்கொள்ளச் சொல். அவன் எனக்கு நல்லதுதான் செய்தான். உண்மையைச் சொன்னதற்கா ஒருத்தன் வேலையைப் பறிப்பாய்?

ஸ்ரீதர்


படப்பை
9.4.2025

எம்புள்ள ஸ்ரீதருக்கு உங்க அம்மா பாப்பம்மாள் ஆசீர்வாதம் பண்ணி எழுத வைக்கிறது. நான் நல்லா கீறேன். நீ நல்லா இருக்கணும், அதோட புத்தியும் வரணும்.

எனுக்கு எழுதத் தெரியாது, நான் சொல்ல சொல்ல செந்தாமரை எழுதுது. உம் பொண்டாட்டி எழுத மாட்டாளாம். "நான் எதுக்கு நிரூபிக்கணும் அத்த"ன்னு கேக்குறா. நாயந்தானேடா?

தண்டலம் தண்டலம்னு எழுதினியாமே. அங்க கீறது ஆஸ்பத்திரிடா. என் மார்ல ஒரு கட்டி இருந்திச்சி. உங்கிட்ட சொல்லாதடின்னு சத்தியம் வாங்கினது நானு. ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம லீவு நாள்ல தூங்காம என்னிய ஷேர் ஆட்டோல இட்டுகினு போனது அவ. வெறும் கொழுப்புக் கட்டிதானாம், எடுத்துட்டாங்கோ, ஒண்ணும் இல்ல. அவ எங்கிட்ட குடுத்த சத்தியத்த காப்பாத்திகினு உங்கிட்ட திட்டு வாங்கிகினு கீறா. நீ இன்னாடான்னா போட்டோவ பெருசு பண்ணி பாத்துகினு கீற. மீதிய செந்தாமரையே சொல்லும்.

அண்ணா, ஸ்தோத்திரம். இது செந்தாமரை எழுதுவது. சத்யாவோடு நான் மூன்று வாரம் பேசவில்லை. வீட்டில் அவரையும் உட்காரவைத்து பைபிள் மேல் கை வைக்கச் சொன்னேன். அவர் சிரித்தார், அதற்கும் சண்டை போட்டேன். அப்புறம் சந்தேகம் தீரட்டும் என்று நானும் பேங்குக்குப் போய் என் கணக்கைக் கேட்டேன். என் நாமினியும் ஜெபகுமார்தான். என் கணக்கில் அவர் இருப்பது சரி. வெளியே வந்தால் எங்கள் லைன் தங்கமாரியும் தன் கணக்கைக் கேட்டுவிட்டு முழித்துக்கொண்டு நிற்கிறாள். கல்யாணமே ஆகாத பெண். அவளுக்கும் ஜெபகுமார், கணவர். லைனில் இன்னொருத்தி கிளியம்மாளுக்கும் அப்படியே.

நாங்கள் வேலைக்குச் சேர்ந்த வாரம் பேங்க்காரர்கள் கேன்டீனில் வந்து கணக்குத் திறந்தார்கள். பஸ் கிளம்பிவிடும் என்று எல்லோரும் கையெழுத்து மட்டும் போட்டுவிட்டு ஓடினோம். பட்டியலில் என் பெயர் முதலில் இருந்திருக்கிறது. கம்ப்யூட்டரில் அடித்த பையன் நாமினிக் கட்டத்தில் என் வீட்டுக்காரர் பெயரைப் போட்டு, அதையே கீழே கடைசிப் பெயர் வரைக்கும் மவுஸால் இழுத்துவிட்டான். எங்கள் பேட்ச் மொத்தத்துக்கும் அவர்தான் புருஷன். இப்போது பஸ்ஸில் ஏறினால், "இன்னாக்கா, நம்ம வூட்டுக்காரரு சாப்டாரா" என்று என்னைக் கேட்கிறார்கள். நானும் சிரிக்கிறேன். ஆனால் அந்த மூன்று வாரத்தை என்னால் சிரித்து முடிக்க முடியவில்லை. கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக.


சானந்த்
18.4.2025

என் உயிர் சத்யாவுக்கு,

நீ நலமா? அம்மா நலமா? செந்தாமரை நலமா? ஜெபகுமார் நலமா? அவரையும் விசாரித்துவிட்டேன், பார்த்துக்கொள்.

கடிதத்தைப் படித்துவிட்டு ரூமில் தனியாகச் சிரித்தேன். பக்கத்துக் கட்டில்காரன் எழுந்து உட்கார்ந்துவிட்டான். அம்மா விஷயத்தைப் படித்தபோது அழுதேன். உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். பொறாமை வந்தால் எனக்குக் கண் தெரிவதில்லை. உன்மேல் ஆசை இல்லாவிட்டால் பொறாமை வருமா, நீயே சொல்.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது. இரண்டு காரியம் செய். புகாரைத் திரும்ப வாங்கிவிடு. பாபு என்னதான் செய்தாலும் சிநேகிதன், அவன் தங்கச்சி கல்யாணத்துக்கு நிற்கிறாள். அடுத்து, நாமினியை மாற்றி என் பெயரைப் போடு. ஸ்ரீதர், கணவர். ஒரு எழுத்தும் பிசகக்கூடாது. போட்டதும் எனக்கு எழுது, அன்றைக்குத்தான் நிம்மதியாகத் தூங்குவேன்.

மே மாதம் லீவு கேன்சல் ஆகிவிட்டது. ப்ளாக்கை எடுத்துவிடு, குரல் கேட்க வேண்டும்.

உன் ஒரே கணவன்,
ஸ்ரீதர்


படப்பை
20.5.2025

அன்புள்ள மாமாவுக்கு,

நாங்கள் நலம். அத்தைக்குத் தையல் நன்றாக ஆறிவிட்டது. நீங்கள் ரூமில் தனியாகச் சிரித்தது கேட்டுச் சந்தோஷம்.

பேங்கிலிருந்து பதில் வந்தது. விசாரித்தார்களாம், எங்கள் ஊழியர் யாரும் எதையும் வெளியிடவில்லை, வாடிக்கையாளர் வழியாகவே தகவல் வெளியே போயிருக்கலாம் என்று போட்டிருக்கிறார்கள். அதாவது நானே உங்களிடம் சொல்லிவிட்டு நாடகம் ஆடுகிறேன். கம்பெனி யூனியன் அக்கா ஒருத்தியிடம் காட்டினேன். இதற்கு மேலே தலைமை ஆபீஸில் குறைதீர் அதிகாரி இருக்கிறார், அங்கேயும் முப்பது நாளில் சரியான பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் ஆம்பட்ஸ்மேனுக்குப் போடலாம், செலவில்லை என்று சொன்னாள். அத்தாட்சி வேண்டும் என்றாள். என்னிடம் இருந்தது உங்கள் கடிதங்கள்தான். பாபு பெயர் இருந்த கடிதத்தையும் முதல் கடிதத்தையும் பிரதி எடுத்து அதிகாரிக்கு அனுப்பிவிட்டேன். உங்களிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

புகாரைத் திரும்ப வாங்க மாட்டேன். அந்தப் பெயர் பிழை என்று தெரிந்ததும் உங்களுக்கு எல்லாம் முடிந்துவிட்டது. பிழையாக இல்லாமல் நானே தெரிந்து ஒருவர் பெயரை எழுதியிருந்தால்? அப்போது பாபு செய்தது சரியாகிவிடுமா? எனக்குக் கோபம் ஜெபகுமாரால் வரவில்லை.

பொறாமை உங்களுக்கு மட்டுமா இருக்கிறது? எனக்கும்தான். எனக்குப் பாபு மேல் பொறாமை. உங்கள் மனதில் ஒரு சந்தேகம் வந்ததும் அவரிடம் போனீர்கள். அவர் சொன்னதும் நம்பினீர்கள். கட்டிக்கொண்டவள் சொன்னதை நம்ப, உங்கள் அம்மாவும் செந்தாமரையும் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. இரண்டு வருஷத்தில் பாபு அளவுக்கு எனக்கு இடம் கிடைக்கவில்லை. அதை நினைத்தால் என் வயிறும் எரிகிறது.

நான்தான் கேட்டேன், பாபு சொன்னான் என்று அதிகாரிக்கு நீங்கள் ஒரு கடிதம் எழுதித் தர வேண்டும். எழுதினால் இந்த வீட்டில் உங்களுக்காகக் காத்திருப்பேன். எழுதாவிட்டால் பெரியவர்களை உட்காரவைக்க வேண்டாம், நானே அம்மா வீட்டுக்குப் போய்விடுவேன். அத்தையை விட்டுப் போவது ஒன்றுதான் கஷ்டம்.

சத்யப்பிரியா


சானந்த்
22.6.2025

சத்யாவுக்கு,

எல்லோரும் நலம்தானே. இங்கே மழை தொடங்கிவிட்டது.

உன் கடிதம் வந்து பல நாள் பதில் எழுதவில்லை. முதலில் ஆத்திரம். உனக்கு என்று எழுதியதை எவனோ படிக்கக் கொடுத்துவிட்டாயே. வயிறு எரிகிறது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன் என்று நான் எழுதியதை, சென்னையில் ஏ.சி. ரூமில் ஒரு அதிகாரி டீ குடித்துக்கொண்டே படித்திருப்பார். பக்கத்து மேஜைக்காரருக்கும் காட்டியிருப்பார். அவர் முகம் எனக்குத் தெரியாது, அவருக்கு என் மனசு தெரியும். லைனில் நிற்கும்போது அதுவே நினைப்பு. யார் என்னைப் பார்த்துச் சிரித்தாலும், இவனும் படித்திருப்பானோ என்று இருந்தது.

இப்படி ஒரு வாரம் போன பிறகுதான் உறைத்தது. பாபு உன் கணக்கை எனக்குப் படித்தபோது உனக்கும் இப்படித்தான் இருந்திருக்கும். உனக்கு இன்னும் மோசம். நான் எழுதியது என் மனதில் இருந்தது. உன் கணக்கில் இருந்தது நீ எழுதாத பெயர்.

அதிகாரிக்குக் கடிதம் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். நான்தான் கேட்டேன், என் மனைவிக்குத் தெரியாமல் கேட்டேன், பாபு கணக்கைத் திறந்து பார்த்துச் சொன்னார், அவரைத் தூண்டியது நான் என்று எழுதியிருக்கிறேன். பாபுவிடம் சொல்லிவிட்டுத்தான் அனுப்புகிறேன். அவன் போனை வைத்துவிட்டான். இனி எடுப்பான் என்று தோன்றவில்லை.

அம்மா வீட்டுக்குப் போகாதே.

ஸ்ரீதர்


படப்பை
30.7.2025

அன்புள்ள மாமாவுக்கு,

அத்தையும் நானும் சுகம். இங்கேயும் நேற்று நல்ல மழை. ஒரகடம் ரோட்டில் ட்ரெய்லர் ஒன்று பள்ளத்தில் இறங்கி, பஸ் வர நேரமாகிவிட்டது.

உங்கள் கடிதம் போன பிறகு தலைமை ஆபீஸிலிருந்தே ஆள் வந்து விசாரித்தார்கள். தவறு நடந்தது, வருந்துகிறோம் என்று என் பெயருக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். பாபுவுக்கு வேலை போகவில்லை. கணக்குகளைத் திறக்கும் அனுமதியை எடுத்துவிட்டு வேறு ஊருக்கு மாற்றியிருக்கிறார்கள், சம்பள உயர்வும் இந்த வருஷம் இல்லையாம். வேலையை எடுக்க வேண்டாம் என்று நானும் எழுதிக் கொடுத்தேன்.

எங்கள் பேட்ச் பெண்கள் எல்லோரும் ஒரே நாளில் போய் நாமினியை மாற்றினோம். இந்த முறை அவரவர் நாமினி பெயரை அவரவர் கையால் எழுதினோம். செந்தாமரை மட்டும் மாற்றவில்லை. "இனிமே அவரு எனுக்கு மட்டும்தாண்டி" என்று பேங்கிலேயே சத்தமாகச் சொன்னாள்.

நானும் ஒரு பெயர் எழுதியிருக்கிறேன். நன்றாக யோசித்து, எனக்கு வேண்டியவர் ஒருவர் பெயர். அது யார் என்று இந்தக் கடிதத்தில் எழுதப்போவதில்லை. தெரிய வேண்டும் என்றால் என்னைக் கேளுங்கள். சொல்வேனா என்பது என் இஷ்டம்.

நீங்கள் எழுதித் தந்த கடிதத்துக்கு நன்றி. அதைப் படித்தபோது, பெண் பார்க்க வந்த அன்று உங்களைப் பார்த்த மாதிரி இருந்தது. அன்றைக்கு நான் சிரித்தது, உங்கள் சட்டைக் காலரில் விலைச்சீட்டு தொங்கியதற்கு.

ப்ளாக்கை எடுத்துவிட்டேன்.

உங்கள்
சத்யா


சானந்த்
8.8.2025

அன்புள்ள சத்யாவுக்கு,

நான் நலம். நீ நலமா? இதை முதல் முறையாக உண்மையாகவே கேட்கிறேன். அம்மாவுக்கு என் அன்பைச் சொல்.

போனில் பேசலாம் என்று எடுத்தேன். குரலில் கேட்டால் சண்டை மாதிரி ஆகிவிடும் என்று பயந்து எழுதுகிறேன். தீபாவளிக்குப் பத்து நாள் லீவு கிடைத்துவிட்டது. டிக்கெட் எடுத்தாயிற்று.

நாமினி பெயரை நான் கேட்கவில்லை. உன் சம்பளம், உன் கணக்கு, உன் கையெழுத்து. நீ யார் பெயரை எழுதினாலும் அதற்கு ஒரு காரணம் இருக்கும், அந்தக் காரணம் எனக்குத் தெரிந்தாக வேண்டும் என்று சட்டம் ஒன்றும் இல்லை. இதை நான் மனப்பூர்வமாகச் சொல்கிறேன். இப்படிச் சொல்லும் அளவுக்கு நான் மாறிவிட்டேன் என்று நினைத்தால் எனக்கே பெருமையாக இருக்கிறது.

அன்புடன்,
ஸ்ரீதர்

பின்குறிப்பு: கடிதத்தை மடித்து, கவரில் போட்டு, ஒட்டியும் விட்டேன். தபால் பெட்டி வரைக்கும் போய் மறுபடி பிரித்து இதை எழுதுகிறேன். முடியவில்லை சத்யா. பெயர் வேண்டாம். ஆணா, பெண்ணா, அதை மட்டும் சொல். உன்னிடம்தான் கேட்கிறேன்.